யாருடைய பயம் கணக்கில் வரும்?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. 18 வருஷமாக மினசோட்டாவில், செயின்ட் பால் பக்கம் இருக்கிறேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர், ஸ்கூலில் கணக்கு வாத்தியார். மகனுக்குப் போன மாதம் 16 வயசு முடிந்து லைசென்ஸும் வந்துவிட்டது. அன்று சாயந்திரமே இவர் அவனைக் கராஜுக்குக் கூட்டிப் போய், நிறுத்தி வைத்த காரில் உட்கார வைத்து, போலீஸ்காரர் மாதிரி ஜன்னலில் டார்ச் அடித்து, "கை எங்கே? கையைக் காட்டு!" என்று கத்திப் பழக்கினார். ஏழெட்டுத் தடவை. நான் சமையலறைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டான். எங்களுக்குள் பெரிய சண்டை.

அப்பாவிடம் போனில் சொன்னால், "நாம ஒழுங்கா இருந்தா போலீஸ்காரன் என்ன பண்ணிரப் போறான்? மாப்பிள்ளை சும்மா பயமுறுத்துதாரு" என்கிறார். டல்லஸில் இருக்கும் அண்ணன், "முடியை ஒட்ட வெட்டிவிடு, ஹூடி போடவிடாதே" என்கிறார்.

இரண்டு வாரம் கழித்து நானும் மகனும் கடைக்குப் போனோம். அவன்தான் ஓட்டினான். பின்னால் விளக்குப் போட்டு நிறுத்தினார்கள். அந்த ஆபீசர் அவனிடம் பேசாமல் என் பக்கம் வந்து குனிந்து, நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா, இவர் யார் என்று என்னிடம் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். டிக்கெட் தரவில்லை, காரணமும் சொல்லவில்லை, போகலாம் என்று விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான்: "என்னைப் பார்த்தா உன் பிள்ளை மாதிரி தெரியலையாம்மா?"

இவர் பிள்ளையை அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறாரா? அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா, இல்லை வம்பை விலைக்கு வாங்குவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கராஜில் உங்கள் கணவர் செய்தது சரி. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செய்தது தப்பு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்கிற ஏக்கம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. இங்கே கறுப்பினக் குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக நடக்கிற விஷயம். பிள்ளை உயரம் கூடி மீசை அரும்ப ஆரம்பித்ததும் அப்பாவோ மாமாவோ பாட்டியோ கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார்கள். 'அந்தப் பேச்சு' என்றாலே போதும், எல்லாருக்கும் புரியும். உங்கள் கணவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். யார் சொன்னார், அப்போது அவருக்கு என்ன வயசு என்று ஒரு நாள் ராத்திரி கேட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் அவர் பாதி பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறார். மீதிக்கு அப்புறம் வருகிறேன்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு நியமிக்கும் வக்கீலாக இந்த ஊர்க் கோர்ட்டுகளில் 20 வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். படித்த போலீஸ் அறிக்கைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி, 'ஓட்டுநர் பதற்றமாகக் காணப்பட்டார்.' ஒரு பையன், 19 வயசு. பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்தினார்கள். அதிகாரி சட்டையில் மாட்டியிருந்த பாடி கேமராவின் வீடியோவைக் கோர்ட்டில் ஓட்டிப் பார்த்தோம். லைசென்ஸை நீட்டுகிறான். விரலிடுக்கில் நிற்காமல் அட்டை அவன் காலடியில் விழுகிறது. குனிந்து எடுக்கலாமா, கூடாதா? தெரியாமல் அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்கிறான். மிஞ்சிப்போனால் நாலு வினாடி. அந்த நாலு வினாடி அறிக்கையில், 'உத்தரவுக்குக் கீழ்ப்படியத் தயங்கினார், கைகள் நடுங்கின, எதையோ மறைப்பதாகச் சந்தேகம் எழுந்தது' என்று ஆகியிருந்தது. காரைச் சோதித்தார்கள். பின்சீட்டில் தங்கச்சியின் ஸ்கூல் பை இருந்தது.

அவனை வெளியே இழுத்துக் கார்மேல் அழுத்திப் பிடித்தது ஏன் என்று அதே அதிகாரியைக் கூண்டில் வைத்துக் கேட்டேன். "எனக்குப் பயமாக இருந்தது" என்றார்.

ஒரே இடம், ஒரே நிமிஷம், இரண்டு பேருக்கும் பயம். பையனின் பயம் சந்தேகத்துக்கு ஆதாரமாகிவிட்டது, அதிகாரியின் பயம் அவர் செய்ததற்கு நியாயமாகிவிட்டது. இதை அந்த ஒரு அதிகாரியின் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமே அப்படித்தான் நிற்கிறது.

1984 நவம்பரில், வட கரோலினாவின் சார்லட் நகரில், டெத்தோர்ன் கிரஹாம் என்ற கறுப்பினத்தவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. நண்பரின் காரில் கடைக்கு ஓடினார், ஆரஞ்சு ஜூஸ் வாங்க. கடையில் நீளமான வரிசை. நிற்க முடியாமல் உடனே வெளியே வந்து காரில் ஏறினார். போன வேகத்தில் திரும்பி வருகிறாரே என்று ஒரு போலீஸ்காரருக்குச் சந்தேகம். காரை நிறுத்தினார். கிரஹாமுக்கு மயக்கம். கைவிலங்கு போட்டுத் தலையைக் காரில் முட்ட வைத்தார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி, பர்சில் கார்டு இருக்கிறது, பாருங்கள் என்று கெஞ்சினார். வெறும் குடி என்றார்கள். இன்னொரு நண்பர் ஜூஸ் கொண்டுவந்தபோது அதைக் குடிக்கவும் விடவில்லை. கடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று தகவல் வந்த பிறகு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது.

அந்த வழக்கில்தான் 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்றைக்கும் செல்லுபடியாகிற அளவுகோலை வகுத்தது. போலீஸ் பலம் பயன்படுத்தியது சரியா என்பதை, அந்த இடத்தில் நின்ற ஒரு நியாயமான அதிகாரிக்கு அப்போது எப்படித் தோன்றியிருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும், நடந்து முடிந்த பிறகு கிடைக்கிற தெளிவை வைத்து எடைபோடக் கூடாது என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்விக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. போலீஸைப் பார்த்ததும் ஓடிய ஒரு சிகாகோ ஆளின் வழக்கில், 2000-இல், அதே நீதிமன்றம் சொன்னது: பதற்றமும் விலகிப் போவதும் சந்தேகத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள். இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் மகன் பயப்பட்டால் அது அவனுக்கு எதிராக, அதிகாரி பயந்தால் அது அதிகாரிக்கு ஆதரவாக. உங்கள் கணவர் டார்ச் அடித்துக் கத்தியது இதற்காகத்தான். பயம் வந்தாலும் கையில் தெரியாமல் இருக்கப் பழக்குகிறார். பார்க்கக் கொடுமையாகத்தான் இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை.

சரி, அப்பாவுக்கு வருவோம்.

'ஒழுங்காக இருந்தால்' என்கிறார். உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபால்கன் ஹைட்ஸ் இருக்கிறது. ஸ்டேட் ஃபேர் மைதானத்துக்குப் போகும்போது லார்பென்டர் அவென்யூவில் போயிருப்பீர்கள். 2016 ஜூலை 6-ஆம் தேதி ராத்திரி அந்த ரோட்டில்தான் ஃபிலாண்டோ காஸ்டில் இறந்தார். வயசு 32. செயின்ட் பால் ஸ்கூல் ஒன்றின் உணவுக்கூடத்தில் வேலை. எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்காது என்று தெரிந்து வைத்திருந்தவர் என்று அந்தப் பெற்றோர்கள் சொன்னார்கள். அவரிடம் கைத்துப்பாக்கிக்கு முறையான லைசென்ஸ் இருந்தது. கார் நின்றதும், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே மரியாதையாக முன்கூட்டிச் சொன்னார். சொல்லி வாய் மூடிச் சில வினாடிகளில், காரை நிறுத்திய போலீஸ் அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து ஏழு குண்டு. பக்கத்துச் சீட்டில் அவருடைய தோழி, பின்சீட்டில் தோழியின் நாலு வயசுப் பெண் குழந்தை.

பிரேக் விளக்கு என்றுதான் நிறுத்தியதற்குக் காரணம் சொன்னார்கள். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் அந்த அதிகாரி ரேடியோவில் வேறு சொல்லியிருந்தார். ஒரு கொள்ளையில் தேடிக்கொண்டிருந்த ஆள் மாதிரி தெரிகிறது, மூக்கு அகலமாக இருக்கிறது என்று. அதற்கு முன்பே காஸ்டிலை வெவ்வேறு ஊர்ப் போலீஸார் 40 தடவைக்கு மேல் நிறுத்தியிருந்தார்கள், பெரும்பாலும் அற்பக் காரணங்களுக்கு. சொன்னபடி செய், எதிர்த்துப் பேசாதே என்றுதான் அவருடைய அம்மாவும் சொல்லி வளர்த்திருந்தார். அவர் அதைத்தான் செய்தார். 2017 ஜூனில் ஜூரி அந்த அதிகாரியை விடுதலை செய்தது.

இது ஒரு ஆளுடைய துரதிர்ஷ்டம் என்று அப்பா சொல்லக்கூடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு குழு நாடு முழுக்க நடந்த கிட்டத்தட்ட 10 கோடி வாகன நிறுத்தங்களை எடுத்து ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டது. அவர்கள் கையாண்ட ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவ்வளவு எளிமை. சாயந்திரம் ஏழு மணி சில மாதங்களில் வெளிச்சம், சில மாதங்களில் இருட்டு. அதே மணி, அதே ரோடு, அதே வேலை விட்டு வரும் கூட்டம். வெளிச்சம் இருக்கும்போது நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பினத்தவர் பங்கு கூடுகிறது, இருட்டி முகம் தெரியாமல் போனதும் குறைகிறது. ஒழுங்காக ஓட்டுவதற்கும் சூரியன் மறைவதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்பாவிடம் கேளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் அலபாமா தாத்தாவின் கதையைச் சொல்லுங்கள். 2015 பிப்ரவரி, மேடிசன் என்ற ஊர். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. 57 வயசு, ஆங்கிலம் தெரியாது. காலையில் மகன் வீட்டுத் தெருவில் காலாற நடந்தார். அக்கம்பக்கத்து ஆள் போலீஸுக்குப் போன் போட்டார்: ஒல்லியான கறுப்பு ஆள், வயசு 30 இருக்கும், தலையில் கம்பளிக் குல்லா, வீடுகளை நோட்டம் விடுகிறான். வந்த அதிகாரியிடம் அந்த மனுஷன் 'நோ இங்கிலீஷ், இந்தியா' என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் நின்றார். கையைப் பின்னால் பிடித்தபடியே தரையில் தலைகுப்புற அடித்தார்கள். முதுகெலும்பில் அடிபட்டு உடம்பு பகுதியளவு செயலிழந்தது. கூட்டாட்சி வழக்கில் இரண்டு தடவை ஜூரி ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. 2016 ஜனவரியில் நீதிபதியே அந்த அதிகாரியை விடுவித்துவிட்டார்.

உங்கள் அப்பா இங்கே வந்தால் குளிருக்குக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வாக்கிங் போவார்தானே? அந்த ஒரு காலைக்கு அந்த குஜராத்திக்காரர் கறுப்பினத்தவராக இருந்தார். மாப்பிள்ளைக்கு எல்லாக் காலையும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, தயக்கத்தோடுதான். திருநெல்வேலிக்காரருக்கு சாத்தான்குளம் தெரியாமல் இருக்காது. 2020 ஜூனில், ஊரடங்கில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. இங்கே மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ் அதிகாரியின் முழங்காலுக்கு அடியில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே அவர்களைக் கொன்றது நிறம் இல்லை. ஆனால் 'ஒழுங்கா இருந்தா' என்ற வாதம் அந்தக் கடைக்காரருக்கும் உதவவில்லை என்பதை அப்பா என்னைவிட நன்றாக அறிவார்.

அண்ணன் சொல்லும் முடியும் ஹூடியும்: கிளீவ்லாண்டில் 2014 நவம்பரில் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிய டாமிர் ரைஸுக்கு வயசு 12. போன் செய்தவர் அது அநேகமாகப் பொம்மைதான், ஆள் சின்னப் பையனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்தத் தகவல் ரோந்து காருக்குப் போகவே இல்லை. கார் புல்வெளியில் ஏறி நின்ற இரண்டு வினாடிக்குள் சுட்டுவிட்டார்கள். சுட்ட பிறகு ரேடியோவில் சொன்னார்கள், 'கறுப்பு ஆண், வயசு 20 இருக்கலாம்.' 12 வயசுப் பிள்ளையை 20 என்று பார்க்கிற கண்ணுக்கு முடிவெட்டு எந்த மூலைக்கு? அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். ஹூடியை மட்டும் பிள்ளையிடமிருந்து பிடுங்காதீர்கள், மினசோட்டாக் குளிரில் வேறு எதைப் போடுவான்.

போலீஸ்காரர்களின் பயம் நடிப்பு என்று நான் சொல்லவில்லை. காஸ்டிலைச் சுட்ட அதிகாரியின் குரலை வீடியோவில் கேட்டால் தெரியும், உதறிப்போயிருந்தார். கோர்ட்டில் அழுதார், சாகப் போகிறேன் என்று நினைத்தேன் என்றார். நம்புகிறேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'குண்டு துளைக்காத வீரன்' என்று பெயர் வைத்த ஒரு பயிற்சி வகுப்புக்கு அவர் போயிருந்தார். எந்த நொடியிலும், யார் கையிலிருந்தும் சாவு வரலாம் என்று சொல்லிக்கொடுக்கிற வகை வகுப்பு அது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு அகன்ற மூக்கைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? அவர் வெள்ளைக்காரர்கூட இல்லை, லத்தீன் வம்சாவளி. 2023 ஜனவரியில் மெம்ஃபிஸில் டைரி நிக்கோல்ஸை அடித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து போலீஸாரும் கறுப்பினத்தவர். 'போலீஸ்காரனும் கறுப்புன்னா அப்புறம் என்ன இனவெறி?' என்று அண்ணன் அடுத்துக் கேட்பார். சட்டையும் பயிற்சியும் சேர்ந்து யாரைப் பார்த்துப் பயப்படச் சொல்கின்றன என்பதை வைத்துப் பதில் சொல்லுங்கள்.

இப்போது கராஜுக்குத் திரும்புவோம். கை இரண்டும் ஸ்டியரிங் மேல், உள்விளக்கைப் போடு, லைசென்ஸை எடுக்கும் முன்னால் 'எடுக்கட்டுமா' என்று கேள். இதெல்லாம் அவர் சொல்லியிருப்பார். லைசென்ஸும் இன்சூரன்ஸ் தாளும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்தால் வெளியே எடுத்து, வெயிலுக்கு மடக்குகிற தட்டியில் கிளிப் போட்டு வையுங்கள். குனிந்து துழாவுகிற வேலையே இருக்கக் கூடாது. காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், எனக்குச் சம்மதம் இல்லை என்று ஒரே தடவை, அமைதியாக. அதற்கு மேலும் சோதித்தால் தடுக்கக் கூடாது, வாதாடவும் கூடாது. சம்மதம் இல்லை என்ற அந்தச் சொல் கேமராவில் பதிந்திருந்தால் போதும், பிறகு என்னைப் போன்ற ஒரு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் காரை விட்டு இறங்கச் சொன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும். 1977-லிருந்து அதுதான் சட்டம்.

உங்கள் கணவர் விட்ட பாதி இதுதான்: ஒத்திகை முடிந்த பிறகு, 'இதையெல்லாம் சரியாகச் செய்தும் தப்பாகிப் போனால் அது உன் தப்பு இல்லை' என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், நடக்கிற எல்லாவற்றுக்கும் தன் கையையே குறை சொல்லப் பழகிவிடுவான். என் கட்சிக்காரர்கள் எத்தனையோ பேர், அட்டையைக் கீழே போட்ட அந்தப் பையன் உட்பட, முதலில் என்னிடம் மன்னிப்புத்தான் கேட்டார்கள். அட்டையைக் கீழே போட்டுவிட்டேன், சாரி மேடம் என்று.

அடுத்த தடவை ஒத்திகைக்கு நீங்களும் போங்கள். பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள். அன்று நீங்கள் கத்தியது நியாயமான கோபம்தான், ஆனால் அந்த அதிகாரியின் பயம் கூடினால் அது போய் விழுவது உங்கள் மேல் இல்லை, அவன் மேல். உங்களுக்கும் பயிற்சி வேண்டும்.

புகார் விஷயம். நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலான புகார்கள் தூசி படிந்துதான் கிடக்கும். ஃபிளாய்டின் கழுத்தில் 9 நிமிஷம் 29 வினாடி முழங்காலை வைத்த டெரெக் சாவின் மேல் அதற்கு முன்பே ஒரு டஜனுக்கு மேல் புகார்கள் இருந்தன. 2017-இல் 14 வயசுப் பையன் ஒருவனை டார்ச்சால் அடித்து, கால் மணி நேரத்துக்கு மேல் முதுகில் முழங்காலை அழுத்தியிருந்தார். பாடி கேமராவில் பதிவும் இருந்தது. மூன்று வருஷம் அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து எதுவும் செய்யவில்லை. 2020 மே 25 ராத்திரி ஃபிளாய்டு இறந்த பிறகும், போலீஸ் விட்ட முதல் அறிக்கை அதை உடல்நலக் கோளாறு என்றே சொன்னது. நடைபாதையில் நின்று 17 வயசுப் பெண் ஒருத்தி போனில் எடுத்த வீடியோ இல்லையென்றால் அந்த அறிக்கைதான் வரலாறு. சாவினுக்கு இருபத்திரண்டரை வருஷம் தண்டனை கிடைத்தது. அது விதிவிலக்கு, விதி இல்லை.

அப்புறம் ஏன் புகார் கொடுக்கச் சொல்கிறேன்? தாள் சேரும் என்பதற்காக. மினசோட்டா மனித உரிமைத் துறை 2022 ஏப்ரலில் மினியாபொலிஸ் போலீஸ் இனப் பாகுபாடு காட்டுகிறது என்று முடிவு சொன்னது ஊகத்தில் இல்லை. பத்து வருஷத்துப் பதிவுகள், சுமார் 700 மணி நேர வீடியோ. அடுத்த வருஷம் மத்திய நீதித் துறையும் அதையே சொன்னது. போலீஸைத் திருத்துவதற்காக மினியாபொலிஸோடு செய்திருந்த உடன்பாட்டை 2025 மே மாதம் வாஷிங்டன் கைவிட்டுவிட்டது, ஆனால் மாநிலத்தோடு போட்ட ஒப்பந்தம் நிற்கிறது, கோர்ட் மேற்பார்வையில். காஸ்டில் இறந்த உங்கள் ராம்சி கவுன்டியில், அற்பக் காரணத்துக்கு நிறுத்தி அதிலிருந்து கிளம்புகிற வழக்குகளைப் பொதுவாக நடத்துவதில்லை என்று கவுன்டி அரசு வக்கீல் 2021-இல் அறிவித்தார். அந்தத் தேதிக்கும் ஃபால்கன் ஹைட்ஸுக்கும் நடுவில் ஐந்து வருஷம். மெதுவாகத்தான் நகர்கிறது, எனக்கே பல நாள் வெறுத்துப் போகும்.

உங்கள் விஷயத்தில் அவசரம் ஒன்று இருக்கிறது. இந்த மாநிலத்தில் பாடி கேமரா பதிவை, விசாரணை எதுவும் இல்லையென்றால், 90 நாள் வரைதான் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். பிறகு அழித்துவிடலாம். பதிவில் இருக்கிறவர் எழுதிக் கேட்டால் மேலும் 180 நாள் வரை வைத்திருப்பார்கள், பதிவைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மகன் சார்பில் நீங்கள் கேட்கலாம், நீங்களும் அதில் இருக்கிறீர்கள். எனவே இந்த வாரமே எழுதுங்கள். நாள், நேரம், ரோடு, கார் நம்பர். புகாராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பதிவை வைத்திருங்கள் என்று கேட்டு மட்டும் ஒரு கடிதம். எதற்காக நிறுத்தினார்கள் என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது, அந்த வீடியோவில் ஒருவேளை இருக்கும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துவிட்டு மகனோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவன் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

அவன் கேட்ட கேள்விக்கு வக்கீலாக என்னிடம் பதில் இல்லை. 'விடுடா, அந்த ஆளுக்குக் கண்ணு தெரியல' என்று மட்டும் கடந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் குழந்தை பிறந்த செய்தி வந்தால் எடையைக் கேட்கும் முன்னால் கலரைக் கேட்கிறவர்கள் நாம். ஊருக்குப் போனபோது அத்தை, சித்தி வீடுகளில் அவன் காதில் என்னென்ன விழுந்ததோ. தமிழ் புரிகிற பிள்ளை. அன்று ரோட்டில் கேட்ட கேள்வியோடு அதையும் சேர்த்துத்தான் அவன் கேட்டிருப்பான். அவன் சாடை யாருடையது, எதில் உங்கள் அம்மா மாதிரி, எதில் அவன் அப்பா மாதிரி என்று பழைய ஆல்பத்தை எடுத்துப் போட்டுப் பேசுங்கள். அப்பாவையும் வீடியோ காலில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு.

கடைசியாக ஒன்று. கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த படத்தில், மகன் கார்க் கண்ணாடியில் ஒரு சின்ன வேல் கயிற்றில் தொங்குகிறது. ஊரிலிருந்து வந்ததாக இருக்கும். 2021 ஏப்ரலில் புரூக்ளின் சென்டரில் டான்டே ரைட் என்ற 20 வயசுப் பையனை நிறுத்தியபோது சொன்ன காரணங்கள், நம்பர் பிளேட்டில் காலாவதியான ஸ்டிக்கர், கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டை. பழைய வாரண்ட் ஒன்றும் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. டேசர் (மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) என்று கத்திக்கொண்டே துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டார் ஒரு மூத்த அதிகாரி. கண்ணாடியில் தொங்கும் அந்த வேலை இன்றைக்கே கழற்றி, டேஷ்போர்டில் ஓரமாக ஒட்டி வைத்துவிடுங்கள். ஸ்டிக்கரின் தேதியையும் பாருங்கள்.